லீஸ் வீடு: வாடகை மிச்சம், கொடுத்த பணத்துக்கு யார் பொறுப்பு?

தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரிப் பக்கத்து வீட்டுப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துரை தருவது என் தொழில். வாங்கலாமா, வாடகைக்கே இருக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாலைந்து வருடத்தில் வேலை மாறி ஊரும் மாறும் என்றால் வாங்காதீர்கள் என்பேன். மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வராது.

ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இந்தப் பகுதிகளில் ஒன்று, இரண்டு கிரவுண்டில் எழும்பும் சின்ன அடுக்குமாடிகள்தான் அதிகம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு சேர்த்தாலும் சுமார் 446 சதுர மீட்டர். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் ரெராவில், அதாவது கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயமில்லை. அனுமதி வரைபடத்தில் கார் நிறுத்தும் இடமாக இருந்தது கடைசியில் ஒரு வீடாகி விற்பனைக்கு வந்தால், அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் பேச்சோடு பேச்சாக மூன்றாவது வழி ஒன்று வரும். "எட்டு லட்சம் லீஸ் சார், மூணு வருஷத்துக்கு வாடகையே கிடையாது." மொத்தப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வதுதான் இந்த லீஸ்.

வீட்டுக்காரருக்கு ஏன் மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது? பல நேரம் வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும். அவர் தவணை கட்டாமல் விட்டால், 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்து ஏலம் விடலாம். அடமானத்துக்குப் பிறகு, வங்கிக்குத் தெரியாமல், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை மட்டும் வாங்கிய லீஸ் ஒப்பந்தம் அங்கே எடுபடாது. எட்டு லட்சத்துக்கு வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாம்தான். தவணையே கட்ட முடியாதவரிடம் எதை வசூலிப்பது?

வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்று ஒரு பதிவு இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது அதன் பிறகு பதிவாகவில்லையென்றால் அடமானம் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் நீட்டினால் காரணம் கேளுங்கள்.

கடன் உள்ள வீடுதான் பிடித்திருக்கிறதா? சரி, லீஸ் தொகையை நேராக அவருடைய கடன் கணக்கில் கட்டி, கடன் முடிந்து அசல் பத்திரம் வெளியே வந்த அன்றே லீஸைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தொகை கடனை அடைக்கப் போதாது என்றாலோ, அவர் மழுப்பினாலோ, அதே வீட்டை வாடகைக்குக் கேளுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் முன்பணத்துக்குப் பொதுவான வரம்பு மூன்று மாத வாடகை. அதற்கு மேல் தராமல் ஒப்பந்தம் போட்டால், நாளைக்கே ஏலம் வந்தாலும் மாட்டிக்கொள்வது அவ்வளவு பணம்தான்.