ஏழு முட்டைக்கு ஏன் குறைந்த தண்ணீர்? பரண் ஏறிய சமையலறைக் கருவிகளின் அறிவியல்

சென்னை அடுக்குமாடி வீடுகளில் சமையலறை லாஃப்டைத் திறந்தால் அநேகமாக இதே கூட்டம்தான் இருக்கும்: எலெக்ட்ரிக் ரொட்டி மேக்கர், முட்டை அவிக்கும் எக் பாய்லர், கயிறு இழுத்து நறுக்கும் சாப்பர், மிக்சியோடு வந்த ஜூசர் ஜார், இப்போது புதிதாக ஏர் ஃப்ரையர். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்துக்குப் பிறகு சில வீடுகளில் இரண்டாவது கிரைண்டரும் சேர்ந்துகொண்டது. வாங்கிய வாரம் தினமும் ஓடும். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதன் பிறகு அட்டைப்பெட்டிக்குள் போய்விடும்.

இதற்கு வாங்கியவரின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது சரியில்லை. தோசைக்கல் எதற்கும் வளைந்துகொடுக்கும். மாவு கெட்டியானால் தண்ணீர் தெளிக்கிறோம், கல் காய்ந்துவிட்டால் தீயைத் தணிக்கிறோம், கண்ணும் கையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரே வேலைக்கென்று செய்த கருவிக்கு அந்த வசதி கிடையாது. இவ்வளவு தண்ணீர், இவ்வளவு இளக்கம், இவ்வளவு கொள்ளளவு என்று ஒரு நிபந்தனையை அதற்குள்ளேயே வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். நிபந்தனை தவறினால் பண்டம் கெடுகிறது. ஏன் கெட்டது என்பதை உடன்வரும் கையேடு சொல்வதில்லை.

எக் பாய்லரையே எடுத்துக்கொள்வோம். அதனுடன் வரும் சின்ன அளவுக் கோப்பையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒரு முட்டைக்கு அதிகத் தண்ணீர், ஏழு முட்டைக்குக் குறைந்த தண்ணீர் என்று கோடு போட்டிருப்பார்கள். அச்சுப் பிழை என்று நினைத்து நிறைய ஊற்றுபவர்கள் உண்டு. கோடு சரியானதுதான்.

இந்தக் கருவிக்குள் கடிகாரம் கிடையாது, தண்ணீரே கடிகாரம். கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் ஆற்றல் வேண்டும். அடியில் இருக்கும் 360 வாட் ஹீட்டர் தட்டு அதைக் கொடுக்க ஆறு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். 60 மில்லி ஊற்றினால், சூடேறும் நேரத்தையும் சேர்த்து ஏழு நிமிடத்தில் தட்டு வறண்டுவிடும். தண்ணீர் இருக்கும்வரை தட்டு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். வறண்டதும் வெப்பம் விறுவிறுவென ஏறும், அடியில் இருக்கும் தெர்மோஸ்டாட் அதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் அல்லது மணி அடிக்கும். ரைஸ் குக்கரும் இதே தந்திரத்தில்தான் ஓடுகிறது. சோறு தண்ணீரை முழுக்கக் குடித்த பிறகுதான் பாத்திரத்தின் அடி நூறு டிகிரியைத் தாண்டும், அந்த நொடியில் சுவிட்ச் மேலே எகிறும்.

இப்போது முட்டைகளை உள்ளே வையுங்கள். ஆவி குளிர்ந்த ஓட்டின் மீது பட்டு மறுபடி நீராகி, தன் வெப்பத்தை முட்டைக்குக் கொடுத்துவிட்டுத் தட்டில் சொட்டுகிறது. 55 கிராம் முட்டை ஒன்று வேகும்போது ஏறத்தாழ 4 கிராம் தண்ணீர் இப்படித் திரும்பி வரும். ஏழு முட்டை என்றால் 28 கிராம். அதை மறுபடி கொதிக்கவைக்கக் கூடுதலாக மூன்று நிமிடம் ஆகிறது. ஏழு முட்டையும் ஒரு முட்டைக்கான அளவுத் தண்ணீரும் சேர்ந்தால் பத்து நிமிடம் வெந்து, மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழவும் கூடும். அதனால்தான் கோடு கீழே இறங்குகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையில் இன்னும் அதிக ஆவி படியும், நேரமும் தானாகவே கொஞ்சம் நீளும். எளிமையான அந்தத் தட்டுக்குள் இவ்வளவு அழகான கணக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கை முதலில் கெடுப்பது சென்னைத் தண்ணீர். போர்வெல் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் பல பகுதிகளில் கால்சியம் உப்பு அதிகம். கொதிக்கும்போது அது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து தட்டில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். படலம் வெப்பத்தைத் தடுப்பதால், மேலே தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே அடித்தட்டு அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். தெர்மோஸ்டாட் ஏமாந்து முன்கூட்டியே அணைத்துவிடும், முட்டை அரைவேக்காட்டில் நிற்கும். ‘பழுதாகிவிட்டது’ என்று பரணுக்குப் போகும் எக் பாய்லர்களில் பலவற்றுக்கு வந்த நோய் இதுதான். 50 மில்லி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்துத் தட்டில் ஊற்றி, சுவிட்ச் போடாமல் இருபது நிமிடம் விட்டால் நுரை கிளம்பிப் படலம் இளகும். பஞ்சால் துடைத்தால் போதும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும். அடுத்த முறையிலிருந்து ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள்.

இரண்டாவது காரணம் வோல்டேஜ். ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோடை இரவில் தெரு முழுக்க ஏ.சி. ஓடி, 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் திறன் கால்பங்கு குறைந்துவிடும். தண்ணீர் வற்ற மூன்றில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகும். காலையில் பதமாக வந்த அதே அளவு, இரவில் முட்டையைக் கல்லாக்கும்.

கோப்பையின் அடியில் இருக்கும் ஊசி முட்டையின் அகலமான முனையில் குத்துவதற்கானது. அங்கே இருக்கும் காற்றறை சூட்டில் விரிவதால்தான் ஓடு வெடிக்கிறது, காற்று வெளியேற வழி கிடைத்தால் விரிசல் குறையும். மணி அடித்தவுடன் முட்டைகளைக் குளிர்ந்த நீரில் போடுங்கள். மூடிக்குள்ளேயே விட்டால் வேக்காடு நிற்காது.

ரொட்டி மேக்கருக்கு வருவோம். மிக அதிகமாகத் திட்டு வாங்கும் கருவி இது. சப்பாத்தி விறைப்பாக அப்பளம் மாதிரி வந்தது, நடுவில் கிழிந்தது, ஓரம் தடித்தது என்பவை வழக்கமான புகார்கள். மூன்றுக்கும் வேர் மாவின் ஈரம்.

கோதுமை மாவைப் பிசையும்போது அதன் புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. ரப்பர் போல இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கட்டையால் தேய்க்கும்போது பத்துப் பதினைந்து முறை வெவ்வேறு திசையில் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கிறோம், வலை தளர்ந்து இடம் கொடுக்கிறது. கருவியோ ஒரே அழுத்தில், ஒரே நொடியில் விரிக்கப் பார்க்கிறது. கட்டைக்குப் பிசைந்த மாவு அதற்கு ஈடுகொடுக்காமல் சுருங்கித் தடித்த வில்லையாக நிற்கும். தடிமன் குறையவில்லையே என்று கைப்பிடியை அழுத்திப் பிடித்தால், இரு சூடான தட்டுகளுக்கு நடுவே உண்டான நீராவி வழி தேடி மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். ‘உஸ்’ என்று சத்தம் வருவது அதனால்தான். ஈரம் அப்படிப் போய்விட்டால் மிஞ்சுவது வறண்ட தகடு.

ஆகவே மாவு தளர்வாக இருக்க வேண்டும். கட்டையில் தேய்க்க 100 கிராம் மாவுக்கு 55 முதல் 60 மில்லி தண்ணீர் விடுகிறோம் என்றால், இதற்கு 70 முதல் 75 மில்லி. வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து, ஈரத்துணி போர்த்தி ஒரு மணி நேரம் விடுங்கள். தவிடு ஈரத்தை உறிஞ்சவும் குளூட்டன் தளரவும் அந்த நேரம் வேண்டும். தொட்டால் காது மடல் போல இருக்க வேண்டும். மில்லில் நேரடியாக அரைத்து வாங்கிய மாவில் அரைபட்ட ஸ்டார்ச்சும் தவிடும் கூடுதல். அது இன்னும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைக் கேட்கும்.

விளக்கு அணைந்து தட்டு முழுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். 30 முதல் 35 கிராம் உருண்டையை உலர்ந்த மாவில் லேசாகப் புரட்டி, நடுவில் வைக்காமல் கீல் இருக்கும் பக்கமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். மேல்தட்டு கீலிலிருந்து சாய்ந்து வருவதால் மாவை முன்பக்கம் தள்ளும், நடுவில் வைத்தால் பாதி வெளியே வழியும். ஒரு நொடி அழுத்தி உடனே திறந்துவிடுங்கள். உண்மையில் இந்தக் கருவியின் சூட்சுமம் முழுவதும் அந்த ‘உடனே’வில்தான் இருக்கிறது. திறந்தபடியே அரை நிமிடம் விட்டால் சின்னக் குமிழிகள் எழும். திருப்பிப் போட்டு, மறுபக்கமும் குமிழி வந்ததும் மூடியை அழுத்தாமல் மேலே சாய்த்து மட்டும் வைத்தால் உப்பும். ஒவ்வொரு உருண்டையும் தட்டைக் கொஞ்சம் குளிரவைக்கிறது, அதனால் அடுத்ததற்கு முன் அரை நிமிடம் இடைவெளி வேண்டும். நான்கு பேருக்குப் பன்னிரண்டு சப்பாத்தி என்றால் கட்டையும் தோசைக்கல்லுமே வேகம். கை மூட்டு வலி இருப்பவர்களுக்கும் தனியாக இருந்து மூன்று சப்பாத்தி போடுபவர்களுக்கும் இந்தக் கருவி நிஜமாகவே உதவும்.

ஏர் ஃப்ரையரின் பெயரிலேயே குழப்பம் தொடங்குகிறது. அது பொரிப்பதில்லை. சின்ன அறைக்குள் சூடான காற்றை விசிறியால் சுழற்றும் அடுப்பு அது. ஒரு லிட்டர் எண்ணெய் தேக்கிவைக்கும் வெப்பம், அதே சூட்டில் உள்ள ஒரு லிட்டர் காற்றைவிட இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். கொதிக்கும் எண்ணெயில் மெதுவடை விழுந்த கணமே மேற்பரப்பு நீர் ஆவியாகி, தோல் கட்டி, வடிவம் நின்றுவிடுகிறது. காற்றில் அது நடக்கப் பல நிமிடம் ஆகும். அதற்குள் மாவு கூடையின் துளை வழியே ஒழுகிவிடும். பஜ்ஜியும் போண்டாவும் இதில் வராததற்குக் காரணம் இதுதான். எத்தனை டிகிரி மாற்றினாலும் பயனில்லை.

காற்று வெப்பத்தைத் தேக்காது என்பதால் புதுக் காற்று இடைவிடாமல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கூடையை நிரப்பினால் ஓட்டம் தடைபட்டுப் பண்டம் அவிந்துவிடும். ஒரே அடுக்கு, துண்டுகளுக்கிடையே விரல் இடைவெளி. மசாலா தடவிய வஞ்சிரம் துண்டுக்கு மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் பூசி, 200 டிகிரியில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வைத்தால் நன்றாக வரும். அப்பளம் போட்டால் கவனம். லேசாக இருப்பதால் விசிறிக் காற்றில் பறந்து மேலே உள்ள ஹீட்டர் கம்பியில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பிச் சல்லடையைக் கவிழ்த்துவிட வேண்டும்.

இந்த ஊருக்கு ஏர் ஃப்ரையர் செய்யும் பெரிய உபகாரம் வேறொன்று. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சென்னையில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். டப்பா மூடி சரியாக மூடாத ஒரே இரவில் முறுக்கும் தட்டையும் நமுத்துப்போகும். பொரித்த முறுக்கில் ஸ்டார்ச் கண்ணாடி போல இறுகியிருக்கும், அதனால்தான் கடித்தால் உடைகிறது. காற்றிலிருந்து சில சதவீதம் ஈரம் முறுக்கில் ஏறினாலே அந்த இறுக்கம் தளர்ந்து ரப்பர் குணம் வந்துவிடும். 120 டிகிரியில் ஐந்து நிமிடம் உலர்ந்த காற்றைச் சுழலவிட்டால் ஈரம் வெளியேறி மொறுமொறுப்பு திரும்பும். அகலத் தட்டில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே வியர்த்து, பட்ட பாடு வீணாகும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அது ஆக்ஸிஜனேற்றம், திரும்பாது.

கயிறு சாப்பரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது. வெங்காயத்தை நான்காக வெட்டிப் போட்டு, எட்டுப் பத்து முறை சுருக்கமாக இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் செல்கள் நசுங்கி, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலந்து, காரலும் தண்ணீரும்தான் மிஞ்சும். தக்காளிக்கு இது ஆகாது. கேரட், பீன்ஸ், கோஸ் பொரியலுக்கு நன்று. மூடியைத் தண்ணீரில் முக்கிக் கழுவுவதுதான் இதைக் கொல்லும் வழி. உள்ளே இருக்கும் சுருள்வில் துருப்பிடித்தால் கயிறு உள்ளே திரும்பாது.

ஜூசர் ஜாரின் சிக்கல் வேறு. பழம் அரைய ஒரு நிமிடம், வலையில் சிக்கிய நாரைச் சுரண்டப் பத்து நிமிடம். பயன்படுத்திய கையோடு, நார் காய்வதற்குள், ஓடும் குழாயில் வலையை வெளிப்பக்கமிருந்து கழுவினால் இரண்டு நிமிட வேலை.

பரணிலேயே இருக்கட்டும் என்றாலும் கருவிகள் அங்கே சும்மா இருப்பதில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் மிக்சி ஜாரின் பிளேடு தண்டைத் துருவேற்றி, அது சுழலும் உலோக வளையமான புஷ்ஷோடு சேர்த்துப் பிடித்துவிடும். ஆறு மாதம் கழித்து அப்படியே ஓடவிட்டால் மோட்டார் சுற்ற முடியாமல் சூடேறி, அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோட் பொத்தான் வெளியே வரும். முதலில் ஜாரைக் கவிழ்த்து, அடியில் மோட்டாரோடு பொருந்தும் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் ஜாருக்குள் வெந்நீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டு, கப்ளர் பக்கம் தண்டோரமாக இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டுச் சுற்றினால் பெரும்பாலும் இளகும். கிரைண்டரில் பெல்ட் தளர்ந்து வழுக்கும். மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக் கல் சுற்றாவிட்டால் பெல்ட்டைத்தான் பார்க்க வேண்டும், மாற்றுவதும் எளிது.

இன்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் ஆகியவற்றின் காற்றுத் துளை வழியே கரப்பான் புகுந்து சர்க்யூட் போர்டில் குடியேறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் உள்ளே கதகதப்பு இருக்காது, அதற்கு அங்கே வேலையும் இருக்காது. உணவுத் துகள் இல்லாமல் துடைத்து, ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் முழுக்கக் காயவைத்து, பிறகுதான் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் உறையே துருவை வளர்க்கும். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சும், கரப்பானுக்கும் பிடித்த இடம். அதை வாரன்டி முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்.