லேன் கார்டு மாற்றினால் நெட் வேகம் கூடுமா?

நெட் இழுக்கிறது என்றதும், "மதர்போர்டிலேயே வரும் லேன் (நெட் கேபிள் செருகும் இடமும் அதன் சிப்பும்) சுமார்தான், தனியாக ஒரு கார்டு போடுங்கள்" என்ற யோசனை வந்துவிடும். மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான் என்று வையுங்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் அது முழுதாக வந்தாலும் நொடிக்கு 12 மெகாபைட்டைத் தாண்டாது. போர்டில் உள்ள கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லேன் நொடிக்கு சுமார் 118 மெகாபைட் கடத்தும். கார்டை மாற்றி அங்கே கூட்டுவதற்கு எதுவும் இல்லை.

பல மதர்போர்டுகளில் இருப்பது ரியல்டெக் 8111 வகைச் சிப். கார்டுகளையும் சிப்புகளையும் பிராசசரோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றைத் தடத்தில் (x1) அது உட்கார்ந்திருக்கும். மலிவான கிகாபிட் கார்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அதே சிப்தான், அதே ஒற்றைத் தடம்தான். ஆன்போர்டு என்றால் பிராசசர் தலையில் சுமை ஏறும் என்பதும் பழைய பேச்சு. கிகாபிட் நிரம்பி ஓடும்போது முழு அளவு டேட்டா பொட்டலங்கள் நொடிக்கு சுமார் 81,000 வரும். ஒவ்வொன்றுக்கும் பிராசசரை எழுப்பாமல் சேர்த்து வைத்து எழுப்புவதையும், டேட்டா பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கும் செக்சம் கணக்கையும் ஆன்போர்டு சிப், கார்டுச் சிப் இரண்டுமே தாமாகச் செய்கின்றன. விலை கூடிய சர்வர் கார்டின் அருமை, நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டும் சர்வரில்தான் தெரியும்.

பழைய வெள்ளை பிசிஐ ஸ்லாட்டில் கிகாபிட் கார்டைச் செருகினால் நஷ்டம்கூட உண்டு. அந்த ஸ்லாட்டுகளின் பொது டேட்டா பாதைக்கு மொத்தக் கொள்ளளவே நொடிக்கு 133 மெகாபைட். அதையும் மற்ற கார்டுகளோடு பங்கிட வேண்டும். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சமயத்தில் நடந்தால் திணறிவிடும்.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்ட பிளானில் நெட் இழுத்தால், உண்மையான குற்றவாளி பல நேரம் கேபிள்தான். விண்டோஸில் அந்த ஈதர்நெட் இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்து, ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். கணினி, மோடம் என இரண்டு முனையும் கிகாபிட்டாக இருந்தும் 100 என்று காட்டினால் காரணம் இதுதான்: 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப்போனால், சிப் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். லைட் எரியும், நெட்டும் வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. (சில ஃபைபர் மோடம்களில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.)

மொட்டைமாடி வழியாக இழுத்த உள்வீட்டு கேபிளின் மேலுறை, மதுரை வெயிலில் வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கி, கம்பி பச்சை பூக்கும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவு கேபிள் என்றால் கிரிம்ப் செய்த (பிளக்கில் அழுத்திப் பொருத்திய) இடத்திலேயே ஒடியும். முழுத் தாமிர கேட் 5இ வகைக் கேபிள் வாங்கி, இரு முனையிலும் ஒரே நிற வரிசை வைத்து, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் கிரிம்ப் செய்யுங்கள். லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும்.

கார்டு வாங்க நியாயமான காரணங்கள் இரண்டு. ஒன்று, கணினிகளுக்குள்ளேயே பெரிய ஃபைல் நகர்த்துவது. கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் 100 ஜிபியை கிகாபிட்டில் அனுப்ப 14 நிமிடம் ஆகும். 2.5 கிகாபிட் கார்டில் 6 நிமிடத்துக்குள் முடியலாம். அதற்கு எதிர்முனையும் சுவிட்சும் 2.5 ஆக இருக்க வேண்டும், கேட் 5இ கேபிளே போதும். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்கில் எழுதினால் டிஸ்க்தான் பிரேக் போடும்.

மற்றது, கோடை இடியில் போர்ட் கருகுவது. பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றைத் தட ஸ்லாட்டில் கார்டைச் செருகி, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஆன்போர்டு லேனை அணைத்துவிடுங்கள். பழைய போர்ட்டில் கைமுறையாக ஐபி முகவரி கொடுத்திருந்தால் புதியதிலும் கொடுக்க வேண்டும். கடைக்கும் குடோனுக்கும் நடுவே வெளியில் தாமிரக் கேபிள் தொங்கினால், அடுத்த இடியில் புதுக் கார்டும் போகும். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் இழுத்து, இருபுறமும் ஃபைபரைத் தாமிரக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள்.