வெப்பக் கடத்தல்: சொல்லும் பொருளும்

வெப்பநிலையில் வேறுபட்ட இரு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்போதோ, ஒரே பொருளின் ஒரு முனை மறுமுனையைவிடச் சூடாக இருக்கும்போதோ, பொருள் மொத்தமாக இடம்பெயராமலேயே ஆற்றல் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்குச் செல்வது வெப்பக் கடத்தல் எனப்படும். ‘மூலக்கூறுகளின் இயக்கம் இல்லாமல்’ என்று இதற்கு விளக்கம் எழுதுவோர் உண்டு. அது பிழையான விளக்கம். இயக்கம் இல்லையென்றால் கடத்தலே இல்லை. திண்மத்தில் துகள்கள் தத்தம் இடத்தில் அதிர்ந்துகொண்டிருக்க, வலுவாக அதிரும் துகள் தன்னை அடுத்திருப்பதற்கு ஆற்றலை அளிக்கிறது. உலோகங்களிலோ கட்டற்ற எலக்ட்ரான்களே அதில் பெரும்பங்கைச் சுமக்கின்றன. வெள்ளி, செம்பு போன்ற உலோகங்கள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒருங்கே நன்கு கடத்துவது இதனால்தான். ஆனால் மின்சாரத்தைக் கடத்தாத வைரம், அணுக்களின் ஒழுங்கான அடுக்காகிய அணுக்கோவையின் அதிர்வுகளைக் கொண்டே செம்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது.

ஆங்கிலத்தில் இதனைக் கண்டக்ஷன் என்பர். ‘உடன்’ என்னும் பொருளுடைய முன்னொட்டும் ‘இட்டுச் செல்’ என்னும் பொருளுடைய வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பாய்மம் (நீர், காற்றுபோல் ஓடும் பொருள்) என்று பலரும் கருதிய 18ஆம் நூற்றாண்டில், அப்பாய்மத்தைப் பொருள் தன்னூடே அழைத்துச் செல்கிறது என்று எண்ணுவதற்கு அச்சொல் இயல்பாகப் பொருந்தியது. பீரங்கிக் குழலைத் துளையிடும்போது உராய்வினால் வெப்பம் தீராமல் எழுவதை அறிவியலாளர் ரம்ஃபோர்டு 1798இல் எடுத்துக்காட்டிய பின்னர் அக்கருத்து படிப்படியாகத் தளர்ந்தது; சொல் நிலைத்துவிட்டது. 1822இல் வெளியான கணிதவியலாளர் ஃபூரியேவின் நூல், வெப்பத்தின் இயல்பு எதுவாயினும் அது பாயும் வீதம் வெப்பநிலைச் சரிவைப் (தொலைவுக்கேற்ப வெப்பநிலை மாறும் வீதத்தைப்) பொறுத்தது என்று கணிதத்தால் நிறுவியது.

தமிழில் ‘கட’ என்பது தன்வினை. ‘கடத்து’ அதன் பிறவினை. வெப்பம் கடக்கிறது, பொருள் அதனைக் கடத்துகிறது. வினையைச் செய்வதைக் குறிக்கும் இகர விகுதி சேரக் ‘கடத்தி’ ஆயிற்று. கடத்திக்கும் பேருந்தில் பயணச்சீட்டு வழங்குபவருக்கும் ஆங்கிலத்தில் ‘கண்டக்டர்’ என்னும் ஒரே சொல்தான். ஆனால் தமிழ் அவரை ‘நட’ என்னும் அடியிலிருந்து நடத்துநர் என்றும், செம்புக் கம்பியைக் ‘கட’ என்னும் அடியிலிருந்து கடத்தி என்றும் தெளிவாகப் பிரித்துவிட்டது. பொருள்களைத் திருட்டுத்தனமாகக் கொண்டுசெல்வதற்கும் ‘கடத்தல்’ என்னும் சொல் வழங்குவதால் மயக்கம் நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘வெப்ப’ என்னும் அடை அதைத் தீர்த்துவிடுகிறது.

பாய்மங்கள் தாமே நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுசெல்வதைத் தமிழ்நாட்டில் வெப்பச் சலனம் என்றும் இலங்கையில் மேற்காவுகை என்றும் எழுதினாலும், கடத்தல் என்னும் சொல் இரு நாட்டுப் பாடநூல்களுக்கும் பொதுவானது. ‘வெப்பப் பரிமாற்றம்’ இவை அனைத்தையும் அடக்கும் பொதுச்சொல் ஆதலால், கடத்தலுக்கு மட்டும் அதனை ஆள்வது தகாது.

குறைவாகக் கடத்தும் பொருளுக்கு ‘கடத்தாப் பொருள்’ என்பதைவிட ‘அரிதிற்கடத்தி’ என்பதே பொருத்தம். வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் செம்பில் ஏறத்தாழ 400 வாட், கண்ணாடியில் ஏறத்தாழ 1 வாட், அசையாத காற்றில் 0.025 வாட் அளவே. ஆயினும் காற்றிலும் அது சுழி ஆவதில்லை. தொட்டிருக்கும் இரு உலோகப் பரப்புகள்கூட நுண்ணிய மேடுகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. இடைவெளிகளில் தங்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கணினியின் செயலிக்கும் அதன் மேலுள்ள வெப்பந்தணிப்பானுக்கும் இடையே பசை பூசுவது, அக்காற்றை அகற்றி, அதனினும் நன்றாகக் கடத்தும் ஒன்றால் அவ்விடத்தை நிரப்புவதற்காகவே.