அமெரிக்காவில் கார் புகைக்கு வரம்பு விதிப்பது யார்? கலிஃபோர்னியாவுக்கு மட்டும் ஏன் தனி அனுமதி?

அமெரிக்காவில் கார் வைத்திருப்பவர்கள் பானெட்டைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். புகைக் கட்டுப்பாடு பற்றிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மத்திய அரசின் விதிகளுக்கு இந்த வண்டி உட்பட்டது என்று அதில் இருக்கும். பல வண்டிகளில் அதோடு கலிஃபோர்னியா விதிகளுக்கும் உட்பட்டது என்று சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். ஐம்பது மாநிலங்கள் உள்ள நாட்டில் இந்த ஒரு மாநிலத்தின் பெயர் மட்டும் அங்கே ஏன் வருகிறது?

இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் ஒருவர், விலை குறைவு என்று பக்கத்து மாநிலத்தில் போய் 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டி ஒன்றை வாங்கி வருகிறார் என்று வையுங்கள். அந்த ஸ்டிக்கரில் கலிஃபோர்னியா பெயர் இல்லையென்றால், வண்டியைப் பொதுவாக அவர் பெயரில் பதிவு செய்ய மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய வண்டி வாசலிலேயே நிற்கும். வேறு மாநிலத்தில் குடியிருந்தபோது அங்கேயே தன் பெயரில் பதிவு செய்த வண்டியோடு குடிபெயர்ந்து வருபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பதிவுக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். தூய காற்றுச் சட்டத்தின் 209-ஆம் பிரிவு முதலில் ஒரு பெரிய கதவைச் சாத்துகிறது. புதிய மோட்டார் வாகனங்களின் புகைக்கு எந்த மாநிலமும் தானாக வரம்பு விதிக்கக் கூடாது, அது மத்திய அரசின் வேலை என்கிறது. இந்தியாவில் பிஎஸ்-6 விதியை மத்திய அரசே நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது போலத்தான். கார் கம்பெனிகளும் இதைத்தான் கேட்டன. ஆளுக்கொரு விதி என்று ஐம்பது விதிகள் வந்தால் ஐம்பது விதமாக வண்டி செய்ய முடியாது என்ற அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது.

அடுத்த உட்பிரிவிலேயே ஒரு சின்ன கதவு திறக்கிறது. 1966 மார்ச் 30-க்கு முன்பே புதிய வாகனப் புகைக்கு வரம்பு விதித்திருந்த மாநிலத்துக்கு இந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு என்கிறது அது. சட்டத்தில் கலிஃபோர்னியா என்ற பெயரே இருக்காது. ஆனால் அந்தத் தேதிக்குள் அப்படிச் செய்திருந்தது கலிஃபோர்னியா ஒன்றுதான்.

அங்கே அந்த வேலை அவ்வளவு சீக்கிரம் தொடங்கியதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நகரம்தான் காரணம். 1943 ஜூலையில் ஒரு நாள் நகரத்தின் மேல் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் இறங்கியது. போர்க்காலம் என்பதால் எதிரி விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூடப் பயந்தார்கள். ஊருக்குள் இருந்த, செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்றின் மேல் பழி விழுந்தது. அதை நிறுத்திய பிறகும் புகைமூட்டம் போகவில்லை. 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் விடை கண்டுபிடித்தார். அதற்கு முன்பு அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். லாஸ் ஏஞ்சலஸில் வெயிலுக்கும் குறைவில்லை, காருக்கும் குறைவில்லை. மூன்று பக்கமும் மலை இருப்பதால் கெட்ட காற்று எளிதில் வெளியே போகவும் வழியில்லை.

1966 மாடல் கார்களுக்கு கலிஃபோர்னியா தன் வரம்பை அமல்படுத்தியது. 1967-இல் நாடாளுமன்றம் மாநிலங்களின் கையைக் கட்டும் சட்டத்தை எடுத்தபோது, கலிஃபோர்னியாவின் செனட்டர் ஜார்ஜ் மர்ஃபி தன் மாநிலத்துக்காக வாதாடி இந்த விலக்கை வாங்கிக் கொடுத்தார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். அதே ஆண்டு மாநிலத்தின் காற்று வள வாரியத்தை உருவாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். வாரியத்தின் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட். 1970-இன் தூய காற்றுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் நிக்சன். குழந்தைகள் சுவாசிக்கும் காற்று அன்று கட்சிச் சண்டையாக இருக்கவில்லை. இன்று நடப்பதைப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த விலக்கைப் பலரும் மாநில உரிமை என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. மத்திய அரசு கொடுக்கும் அனுமதி இது. கலிஃபோர்னியா ஒரு புது விதி எழுதினால், அதை அமல்படுத்துவதற்கு முன் மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் போய் விலக்குக் கேட்க வேண்டும். ஆனால் தன் இஷ்டப்படி கொடுக்கவோ மறுக்கவோ முகமைக்கும் அதிகாரம் இல்லை. சட்டத்தின் வாசகம் 'கொடுக்கலாம்' என்பதல்ல, 'கொடுக்க வேண்டும்' என்பது. மறுக்க மூன்றே காரணங்கள்தான் உண்டு. மொத்தமாகப் பார்த்தால் எங்கள் விதிகள் மத்திய விதிகள் அளவுக்காவது காப்பாற்றும் என்ற மாநிலத்தின் முடிவு ஆதாரமில்லாததாக இருக்க வேண்டும்; அல்லது தனி விதி தேவைப்படும் அளவுக்கு அங்கே அசாதாரணமான, கட்டாயமான நிலைமை இல்லாமல் இருக்க வேண்டும்; அல்லது தொழில்நுட்பத்துக்கும் செலவுக்கும் போதிய அவகாசம் தராததால் சட்டத்தின் மற்ற நிபந்தனைகளோடு அந்த விதி ஒத்துப்போகாமல் இருக்க வேண்டும். இதற்கு வெளியே மறுக்க வழியில்லை. இத்தனை ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட விலக்குகள் கிடைத்திருக்கின்றன.

மற்ற மாநிலங்களுக்கு? 1977-இல் சேர்த்த 177-ஆம் பிரிவு அவர்களுக்கு ஒரு வழி விட்டது. காற்று கெட்டிருக்கும் மாநிலம் கலிஃபோர்னியாவின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொந்தமாக மூன்றாவது விதி எழுதக் கூடாது. கார் கம்பெனிகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் தர வேண்டும். நியூயார்க், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, வாஷிங்டன், ஆரிகன் என்று பல மாநிலங்கள் இப்படிச் சேர்ந்தன. ஆகவே நியூ ஜெர்சியில் கார் வாங்கும் நம்மவர் ஒருவருக்கும், கலிஃபோர்னியாவின் தலைநகரான சேக்ரமென்டோவில் எழுதிய விதி பொருந்தக்கூடும். அதனால் நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு விதிகள்தான் இருக்க முடியும். என் பார்வையில் இது நல்ல ஏற்பாடு. ஒரு மாநிலம் முன்னால் போய்ச் சோதித்துப் பார்க்கிறது, மற்றவர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள், கம்பெனிகளும் ஐம்பது விதிகளில் சிக்குவதில்லை.

சிக்கல் கார்பன் டை ஆக்சைடில் தொடங்கியது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, புகைக் குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற கருவியைப் பொருத்தலாம். கார்பன் டை ஆக்சைடை அப்படி வடிகட்ட முடியாது. எரிக்கும் பெட்ரோலைக் குறைத்தால்தான் அது குறையும். ஆனால் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் 1975-இன் எரிசக்திச் சட்டப்படி மத்திய அரசுக்கு மட்டுமே உரியது. புகை விதி என்ற பெயரில் மைலேஜ் விதி போடுகிறீர்கள் என்பது ஒரு தரப்பின் வாதம். லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டம் உள்ளூர்ப் பிரச்சினை, புவி சூடாவது உலகப் பிரச்சினை, அதில் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் என்ன அசாதாரண நிலைமை என்பது இன்னொரு வாதம். வெப்பம் கூடக் கூட ஓசோன் கூடுகிறது, காடு எரிகிறது, குடிதண்ணீர் தரும் மலைப்பனி குறைகிறது என்று கலிஃபோர்னியா பதில் சொன்னது.

2002-இல் கலிஃபோர்னியா இதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. 2007 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் அரசின் முகமை விலக்கு இல்லை என்றது. 2009 ஜூனில் ஒபாமா அரசு கொடுத்தது. 2013-இல் கொடுத்த அடுத்த விலக்கின் முக்கியப் பகுதியை 2019 செப்டம்பரில் டிரம்ப் அரசு திரும்பப் பெற்றது. கொடுத்த விலக்கைப் பிடுங்கச் சட்டத்தில் எங்கும் வழி சொல்லவில்லை என்று கலிஃபோர்னியா வழக்குப் போட்டது. தீர்ப்பு வருவதற்குள் ஆட்சி மாறி, 2022 மார்ச்சில் பைடன் அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது.

2022 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் இன்னும் பெரிய அடி எடுத்து வைத்தது. விற்கும் புதிய கார்களில் புகையில்லாத வண்டிகளின் பங்கு 2026 மாடல் ஆண்டில் 35 சதவீதம், 2030-இல் 68, 2035-இல் முழுவதும் என்று விதித்தது. சார்ஜ் செய்த மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட்டுகளும் ஒரு வரம்புக்குள் கணக்கில் சேரும். 2024 டிசம்பரில் விலக்கு கிடைத்தது. அடுத்த மாதமே ஆட்சி மாறியது.

இந்த முறை முகமை மூலம் திரும்பப் பெறவில்லை. அரசுத் துறைகளின் புது விதிகளை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ரத்து செய்ய உதவும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கையில் எடுத்தார்கள். விலக்கு என்பது 'விதி' அல்ல, எனவே அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் சொன்னது. செனட்டின் நடைமுறை ஆலோசகரும் அதையே சொன்னார். இருந்தும் 2025 மே 22-ஆம் தேதி செனட் 51-க்கு 44 என்ற கணக்கில் கார் விதிக்கான விலக்கை ரத்து செய்தது. லாரிகளுக்கான இரண்டு விலக்குகளும் அதே வழியில் ரத்தாயின. ஜூன் 12-ஆம் தேதி டிரம்ப் அந்த மூன்று ரத்துத் தீர்மானங்களிலும் கையெழுத்திட்டார். அன்றே கலிஃபோர்னியாவும் வேறு பத்து மாநிலங்களும் நீதிமன்றம் போயின. இந்த வழியில் ரத்தான ஒன்றைப் போன்றதையே நாடாளுமன்றத்தின் புதிய சட்டம் இல்லாமல் மறுபடி கொண்டுவர முடியாது. முந்தைய இழுபறிகளைவிட இது பெரிய அடி என்று நான் நினைப்பது அதனால்தான். எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழைய பாதையையே இது அடைத்துவிடுகிறது.

அந்த மூன்று தீர்மானங்களும் பெயர் சொன்ன மூன்று விலக்குகளைப் பற்றியவை மட்டுமே. அப்புறம், 209-ஆம் பிரிவின் இந்தத் தடை புதிய வாகனங்களைப் பற்றியது. ஏற்கெனவே பதிவாகிச் சாலையில் ஓடும் வண்டிகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களிடமே இருக்கிறது என்று அதே பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனை அந்த வகை. எட்டு மாடல் ஆண்டுகளுக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்குச் சோதனைக்குப் பதிலாக ஒரு கட்டணம் மட்டும் உண்டு. மின்சாரக் கார்களுக்குச் சோதனை கிடையாது. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் நோட்டீஸில் ஸ்மாக் செக் வேண்டும் என்று போட்டிருந்தால், விலக்கு வழக்கு எப்படிப் போனாலும் சோதனை எடுத்துத்தான் ஆக வேண்டும்.