ஹ்வாசோங் கொலைகள்: பழைய துணியிலிருந்து கொலையாளியை எட்டியது எப்படி?

பாங் ஜூன்-ஹோ இயக்கி 2003இல் வெளிவந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தில், இவன்தான் கொலையாளி என்று துப்பறிவாளர்கள் உறுதியாக நம்பிய இளைஞனை அவர்கள் கையிலிருந்து நழுவவிடுவது, அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு டிஎன்ஏ அறிக்கை. அப்படத்துக்கு அடிப்படை, தென்கொரியாவின் கியோங்கி மாகாணத்து ஹ்வாசோங் பகுதியில் 1986 முதல் 1991 வரை நிகழ்ந்த பத்துக் கொலைகள். படம் வந்தபோது துலங்காதிருந்த அவ்வழக்கில், 2019 செப்டம்பரில் காவல்துறை ஒருவரை அடையாளம் கண்டது. புதிய சாட்சி எவரும் முன்வந்து அது நடக்கவில்லை. கொலையுண்டோரின் உடைமைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் நடந்தது.

எண்பதுகளில் விசாரணையாளர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது இரத்த வகைப் பரிசோதனை. அது ஆயிரக்கணக்கானோரை ஒரே கூட்டில் அடைக்கும் முறை. இருவரின் உடல்திரவங்கள் கலந்த கறையில் தவறான விடையும் தரக்கூடியது. குற்றவாளியின் இரத்த வகை 'பி' என்று காவல்துறை கருதியிருக்க, பின்னாளில் சிக்கியவருடையதோ 'ஓ'.

பிரிட்டனின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டறிந்த டிஎன்ஏ அடையாள முறை, சிதையாத நீண்ட இழைகளைக் கணிசமான அளவில் கேட்டது. பழங்கறையில் கிடைப்பதோ துண்டுதுண்டாக உடைந்த எச்சம்தான். இந்தச் சிக்கலைத் தீர்த்தது, கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பிசிஆர். இழையைச் சுமார் 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி இரண்டாகப் பிரித்து, வெப்பத்தைக் குறைத்து, தேவையான இடத்தின் இரு ஓரங்களிலும் சிறு தொடக்க இழைகளை ஒட்டவைத்து, நொதியைக் கொண்டு புதிய படியெடுப்பதே அதன் செயல்முறை. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் ஒரு துண்டு கோட்பாட்டளவில் நூறு கோடிக்கும் மேற்பட்ட படிகளாகிவிடுகிறது. சில நூறு செல்களே எஞ்சியிருந்தாலும் போதும்.

படியெடுக்கப்படுவது முழு மரபணுத் தொகுதி அன்று. எஸ்டிஆர் எனப்படும் குறுந்தொடர்கள் மட்டுமே. 11ஆம் குரோமோசோமில் டிஹெச்01 என்ற இடத்தில் 'ஏஏடிஜி' என்ற நான்கெழுத்து திரும்பத் திரும்ப வரும். தாய்வழி வந்த பிரதியில் ஆறு முறையும் தந்தைவழிப் பிரதியில் ஒன்பது முறையும் இருந்தால், அந்நபரின் அடையாளம் அங்கே 6, 9. இந்த இணை எத்தனையோ பேருக்கு இருக்கலாம். ஆனால் இருபது இடங்களின் எண்களும் ஒருசேர இன்னொருவருக்கு அமைவது, ஒரே கருவில் உருவான இரட்டையரைத் தவிர, நடைமுறையில் நிகழாது. துண்டுகள் குட்டையானவை என்பதால் சிதைந்த மாதிரியிலும் தப்பிப் பிழைக்கின்றன. ஈரமும் பாக்டீரியாவுமே டிஎன்ஏவுக்குப் பெரும் பகை. அதனால்தான் தடயத் துணிகளை உலர்த்தி, காற்றுப் புகும் காகித உறையில் வைப்பார்கள்.

இருந்தும், ஒப்பிட ஆள் இல்லையென்றால் அந்த எண்கள் வெறும் எண்களே. தென்கொரியாவில் 2010இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கடுங்குற்றக் கைதிகளின் டிஎன்ஏ விவரங்களைச் சேமிக்க வழிசெய்தது. மனைவியின் தங்கையை 1994இல் கொன்றதற்காகப் பூசான் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த லீ சுன்-ஜே அப்படித்தான் தரவுத்தளத்தில் இடம்பெற்றிருந்தார். முதலில் மூன்று கொலைகளின் தடயங்கள் அவரோடு பொருந்தின. பிறகு அவரே பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டார். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு 2006இலேயே முடிந்திருந்ததால் ஹ்வாசோங் கொலைகளுக்காக அவரைத் தண்டிக்க முடியவில்லை.

ஆய்வகத்தின் பெயரால் நடந்த அநீதியும் இவ்வழக்கில் உண்டு. எட்டாவது கொலைக்காக ஓர் அப்பாவி இளைஞர் குற்றவாளியாக்கப்பட்டபோது, உடல்முடியின் தனிமப் பகுப்பாய்வு அவருக்கு எதிரான சான்றாகக் காட்டப்பட்டது. சுமார் இருபது ஆண்டுகள் சிறையில் கழித்த அவரை, மறுவிசாரணை நீதிமன்றம் 2020 டிசம்பரில் குற்றமற்றவர் என்று அறிவித்தது.