எல்டர்: பதினெட்டு வயதில் ஒரு மூப்பர்

டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, தோளில் பை, கையில் சைக்கிள் ஹெல்மெட். வெயிலில் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சட்டைப் பையில் சின்னதாக ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் வெள்ளை எழுத்தில் 'எல்டர்' என்று தொடங்கி ஒரு குடும்பப் பெயர், அதன் கீழே அவர்களுடைய சபையின் பெயர்.

அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். டீ போடட்டுமா என்றாள், வேண்டாம் என்றார்கள். காபி? அதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்றார்கள். பெரிய தம்ளரில் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்கள். அவர்கள் போன பிறகு அக்கா கேட்டாள்: "எல்டர்னா பெரியவர்னுதானே அர்த்தம்? இன்னும் மீசையே சரியா முளைக்கலை. எனக்குத் தம்பின்னு கூப்பிடத்தான் வாய் வருது."

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதில் இது.

அந்தப் பையன்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த மிஷனரிகள். மார்மன்கள் என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். அவர்களுடைய வேதங்களில் ஒன்றான மார்மன் புத்தகத்திலிருந்து மற்றவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. அதை விட்டுவிட்டுச் சபையின் முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. இப்போது தலைமையிடம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. டீயும் காபியும் மதுவும் புகையிலையும் கூடாது என்பது 1833 முதல் அவர்கள் போற்றிவரும் நெறி. அக்காவின் டீ அப்படித்தான் திரும்பி வந்தது.

சபை தொடங்கிய நாளிலேயே ஜோசப் ஸ்மித் 'முதல் எல்டர்' ஆனார், அவருடைய நண்பர் ஆலிவர் கௌடரி 'இரண்டாம் எல்டர்' ஆனார். அப்போது ஸ்மித்துக்கு வயது 24, கௌடரிக்கு 23. இந்தச் சபையில் எல்டர் என்ற சொல் பிறந்ததே இளைஞர்கள் மேல்தான்.

ஆங்கிலத்தில் 'எல்டர்' என்பது 'ஓல்ட்' என்ற சொல்லின் பழைய ஒப்பீட்டு வடிவம்: இன்னொருவரைவிட வயதில் கூடியவர். பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள், கிரேக்க மூலத்தில் வரும் 'ப்ரெஸ்பூட்டெரோஸ்' என்ற சொல்லுக்கு இதை வைத்தார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லும் அதே அமைப்புத்தான், 'கிழவர்' என்பதன் ஒப்பீட்டு வடிவம். பிரெஸ்பிட்டேரியன் சபைக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். ஆங்கிலத்தின் 'ப்ரீஸ்ட்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்து, லத்தீன் வழியாகத் தேய்ந்து வந்தது. ஆனால் இந்தச் சபையில் ப்ரீஸ்ட் ஒரு பதவி, எல்டர் இன்னொரு பதவி. ப்ரீஸ்ட் கீழ்ப்படி, எல்டர் அதற்கு மேல்படி. ஒரே தாய் வயிற்றுச் சொற்கள் இரண்டு, ஒரே வரிசையில் அண்ணன் தம்பியாக நிற்கின்றன.

இன்னும் பின்னால் போனால் எபிரேயம். பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலின் மூப்பர்களைக் குறிக்கும் சொல் 'ஸாகேன்'. தாடிக்கு எபிரேயத்தில் 'ஸாகான்'. இரண்டும் ஒரே வேர். தாடி வைத்தவர் பெரியவர் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய எல்டரோ தினமும் காலையில் முகத்தை மழிக்க வேண்டும். மிஷனரிகளுக்குத் தாடிக்கு அனுமதி இல்லை.

தமிழுக்கு வருவோம். தமிழ் பைபிள் இந்தச் சொல்லை 'மூப்பர்' என்றது. 'மூ' என்ற வேர் நமக்கு நன்றாகப் பழகியது: மூத்தவர், மூப்பு, மூதாட்டி, மூதாதை, மூதூர். வயதைச் சொல்லத் தொடங்கிய வேர்தான், ஆனால் வயதோடு நிற்கவில்லை. அட்டப்பாடி ஆதிவாசி ஊர்களில் ஊர்த்தலைவருக்கு 'ஊரு மூப்பன்' என்று பெயர். தஞ்சைப் பக்கத்தில் மூப்பனார் ஒரு பட்டப்பெயர், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் அது உண்டு. அரசு அலுவலகத்தில் 'பணிமூப்பு' என்றால் யாரும் நரைமுடியை எண்ணுவதில்லை, சேர்ந்த தேதியைத்தான் பார்க்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் 'பதிவுமூப்பு' இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேலையே கிடைக்காத இளைஞனுக்குக்கூட அங்கே மூப்பு உண்டு. வயதையும் பதவியையும் பிரித்துப் பார்க்கத் தமிழுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முதியவர் என்றால் வயது. மூப்பர் என்றால் பொறுப்பு.

கரிகாலன் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. வழக்கோடு வந்த முதியவர்கள் இருவர், இந்தச் சிறுவனா நமக்குத் தீர்ப்புச் சொல்வான் என்று தயங்கினார்கள். கரிகாலன் நரைமுடியைத் தலையில் சூடிக்கொண்டு வந்து உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, அவர்கள் மகிழும்படி தீர்ப்புச் சொன்னான். பழமொழி நானூறு இதைச் சொல்கிறது. கரிகாலனுக்கு அந்த நரைமுடி எப்படியோ, அக்கா வீட்டு வாசலில் நின்ற பையனுக்கு அந்தப் பெயர்ப்பட்டை அப்படி.

ஆனால் அது ஒரு வழக்கு தீரும்வரை அணிவது அல்ல. இந்த மிஷனரி ஊழியம் ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். முன்பு ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் போக முடியும். 2012 அக்டோபரில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று வயது குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆனது. எந்த நாடு, எந்த ஊர் என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, தலைமையிடத்திலிருந்து அழைப்பு வரும். யூட்டாவின் ப்ரோவோ நகரில் இருப்பதுபோன்ற பயிற்சி மையத்தில் சில வாரம் இருந்துவிட்டுப் புறப்படுவார்கள், போகும் ஊரின் மொழியைக் கற்க வேண்டியவர்களுக்கு இன்னும் சில வாரம் கூடும். சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து போகும் ஒருவருக்கு மாதம் 500 டாலர் என்று 2020 முதல் கணக்கு. அதை அவர்களோ குடும்பமோ கட்டுகிறார்கள். பலர் பள்ளிப் பருவத்திலிருந்தே இதற்கென்று காசு சேர்ப்பார்கள். இப்படி உலகம் முழுக்க இப்போது 70,000க்கும் மேற்பட்டவர்கள் ஊழியத்தில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலை 6:30க்கு எழுந்து அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு தனியாக வேதம் படிப்பது, அப்புறம் இருவரும் சேர்ந்து படிப்பது, வேற்றுமொழி நாடாக இருந்தால் மொழிப்பாடமும். பத்து மணிவாக்கில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. நடுவே கதவு தட்டுவது, தெருவில் பேசுவது, யாராவது கேட்க விரும்பினால் போய்ப் பாடம் சொல்வது, தோட்டம் வெட்டவோ வீடு மாற்றவோ ஆள் வேண்டும் என்றால் கைகொடுப்பது. இரவு 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017க்குப் பிறகு நேரங்களை ஊருக்குத் தக்கபடி கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், கட்டமைப்பு அதேதான். காதல் கிடையாது, சினிமா கிடையாது. ஒரு நாள் முழுக்கக் கதவைத் தட்டி, ஒரு கதவுகூடத் திறக்காமல் திரும்புவது சர்வசாதாரணம். பதினெட்டு வயதில் அதைத் தாங்கிக்கொண்டு மறுநாளும் 6:30க்கு எழுவது சின்ன காரியம் இல்லை. அந்த நம்பிக்கையை நான் ஏற்கிறேனா என்பது வேறு. அந்த எழுச்சியை நான் மதிக்கிறேன்.

இந்த வாழ்க்கையின் மற்ற சொற்களையும் தொட்டுவிடுவோம். கூடவே இருக்கும் மற்றவர் 'கம்பானியன்'. குளியலறை தவிர வேறெங்கும் ஒருவரை ஒருவர் பார்வையிலிருந்து விடக்கூடாது. இதைச் சிலர் 'துணைவர்' என்று எழுதுகிறார்கள். தமிழ் வாசகர் கணவன் மனைவி என்றே எடுத்துக்கொள்வார். தமிழ் பைபிளில் வரும் 'உடன் ஊழியக்காரன்' கச்சிதமான சொல். 'உடன் ஊழியர்' என்று மரியாதையோடு எழுதலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை ஊரையோ கூட்டாளியையோ மாற்றுவார்கள். அதற்கு 'டிரான்ஸ்பர்', நம் ஊர் அரசு ஊழியர் வீட்டில் வழங்கும் அதே சொல். வாரத்தில் ஒரு நாள் 'பி டே', அதாவது ஆயத்தம் செய்யும் நாள். துணி துவைப்பது, மளிகை வாங்குவது, முடிவெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். தமிழ் பைபிள் ஓய்வுநாளுக்கு முந்திய நாளை 'ஆயத்தநாள்' என்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேச அனுமதி. 2019 பிப்ரவரி முதல் ஒவ்வோர் ஆயத்தநாளிலும் பேசலாம். இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த அறிவிப்பை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கே தொண்டை அடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'டிரங்க்கி'. ஊழியம் முடியும் காலம் நெருங்க நெருங்க, மனசு வீட்டுக்குப் போய்விட்டவனை அப்படிச் சொல்வார்கள். டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டான் என்று பொருள். நம் விடுதிப் பிள்ளைகளிடம் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

பெண்களுக்கு எல்டர் பட்டம் இல்லை. அது ஆண்களுக்கு மட்டும் அளிக்கப்படும் குருத்துவப் பதவி. பெண் மிஷனரிகளின் பட்டையில் 'சிஸ்டர்' என்றிருக்கும். இதை அப்படியே 'சிஸ்டர்' என்று எழுதினால் தமிழில் கன்னியாஸ்திரீயோ நர்ஸோதான் கண்முன் வருவார்கள். 'சகோதரி' என்று எழுதுவதே சரி.

எல்டர் என்ற சொல் வயதுக்கும் பொருந்தியிருந்த காலம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஊழியத்துக்குப் போனவர்களில் பலர் கல்யாணமான ஆண்கள். மனைவி மக்களை விட்டுவிட்டுக் கையில் காசில்லாமல் கிளம்பினார்கள். அப்படி ஒருவர் நம் சென்னைக்கே வந்திருக்கிறார். ரிச்சர்ட் பாலன்டைன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர், சால்ட் லேக் பள்ளத்தாக்கின் முதல் ஞாயிறு பள்ளியை 1849இல் தொடங்கியவர். 1852இல் அழைப்பு வந்து, கல்கத்தா வழியாக 1853இல் மதராஸில் இறங்கினார். வயது முப்பதுகளின் நடுவில். ஓராண்டு இருந்து, பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் வேர்விடவில்லை, 1854இல் திரும்பிவிட்டார். அந்த மதராஸில் ஒருவர் அவரை மூப்பர் என்று அழைத்திருந்தால் யாருக்கும் விநோதமாகப் பட்டிருக்காது. மிஷனரி என்றால் கல்யாணமாகாத இளைஞன் என்ற வழக்கம் பிறகுதான் நிலைத்தது. சொல் அப்படியே இருந்தது, அதைச் சுமந்தவர்களின் வயதுதான் இறங்கியது.

ஆனால் எல்லோருக்கும் இறங்கவில்லை. சபையின் இன்றைய உயர்தலைவர்களான அப்போஸ்தலர்களையும் பொதுவாக எல்டர் என்றே அழைக்கிறார்கள், அவர்களில் எண்பது வயதைக் கடந்தவர்களும் உண்டு. ஓய்வு பெற்றபின் மனைவியோடு ஊழியத்துக்குப் போகும் தாத்தாவும் எல்டர்தான். 'இளைஞரே, மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள்' என்று பேதுருவின் நிருபம் இரண்டையும் எதிரெதிரே வைக்கிறது. இங்கே இரண்டும் ஒரே சட்டையில் குத்தியிருக்கின்றன.

ஆகவே தமிழில் எப்படி எழுதுவது? கணினி மொழிபெயர்ப்பில் 'முதியவர் ஜான்சன்', 'பெரியவர் மில்லர்' என்றெல்லாம் பார்க்கிறேன். இரண்டும் பிழை. அவை வயதைச் சொல்கின்றன, பொறுப்பைச் சொல்லவில்லை. இந்தச் சபையின் தமிழ் வெளியீடுகளிலேயே 'மூப்பர்' என்றுதான் பெயருக்கு முன்னால் போடுகிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை வரும்போது 'இந்தச் சபையில் 18 வயதிலேயே கிடைக்கும் பதவி' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் வாசகர் தடுமாறமாட்டார். உரையாடலில், அவர்கள் வாயால் சொல்வதை எழுதும்போது, 'எல்டர்' என்றே விட்டுவிடலாம், காதில் விழுவது அதுதான். 'மூப்பன்' வேண்டாம், நம் காலத்துக்கு மரியாதைக் குறைவு. மிஷனரி என்பதற்கு 'ஊழியர்' போதும் என்றாலும், தனியே நின்றால் அலுவலகத்து ஊழியர் என்று தோன்றிவிடும். 'மிஷனரி' தமிழில் எப்போதோ ஊறிவிட்ட சொல், தயங்காமல் எழுதலாம்.

ஒரு நுட்பம் மிச்சம் இருக்கிறது. எல்டர் பதவி ஊழியம் முடிந்தாலும் போவதில்லை. போவது அந்த விளிப்பெயர் மட்டும். இரண்டு ஆண்டாகக் கூட்டாளிகூட அவனை முதற்பெயரால் கூப்பிட்டிருக்க மாட்டான், எல்டர் என்றும் குடும்பப் பெயரும்தான். ஊர் திரும்பியதும் அந்த வட்டாரச் சபைத் தலைவரைப் போய்ப் பார்ப்பான். அவர் ஊழியத்திலிருந்து விடுவித்ததாகச் சொன்னதும் பட்டையைக் கழற்றிவிடுவான். அதற்குப் பிறகு சபையில் அவன் 'சகோதரர்'. வீட்டில், அம்மா வைத்த பெயர்.