நலன்புரி அரசு: ‘மக்கள்நல அரசு’ ஏன் சரிவராது?

ஆங்கில மூலத்தில் ‘வெல்ஃபேர் ஸ்டேட்’ (நோய், முதுமை, வேலையின்மை போன்றவற்றில் குடிமக்களைத் தாங்கும் பொறுப்பை ஏற்கும் அரசு) என்று வந்தால் போதும், யோசிக்காமல் ‘மக்கள்நல அரசு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். தேர்தல் மேடையிலும் அதே சொல், பொருளியல் பாடத்திலும் அதே சொல். மேடைக்குச் சரி. பாடத்துக்கு ஆகாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘வெல்’ என்றால் நன்றாக, ‘ஃபேர்’ என்றால் செல்லுதல். இரண்டும் சேர்ந்து நல்வாழ்வு. ஜெர்மனில் இதற்கு நேரான சொல் முன்பே உண்டு. இங்கிலாந்தில் 1941இல் பேராயர் வில்லியம் டெம்பிள் ‘அதிகார அரசு’ (பவர் ஸ்டேட்) என்பதற்கு எதிர்ச்சொல்லாக இதைப் பயன்படுத்தினார். போருக்குப் பின் பரவியது.

‘மக்கள்நல’த்தில் என்ன கோளாறு என்றால், முதலில் அந்த ‘மக்கள்’தான். எந்த மக்கள்? ஜெர்மனியில் அதன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீடும், 1884இல் விபத்துக் காப்பீடும், 1889இல் முதுமை ஓய்வூதியமும் கொண்டுவந்தார். 1878இலேயே சோசலிஸ்ட் அமைப்புகளைத் தடைசெய்தவரும் அவரேதான். தொழிலாளி அந்தப் பக்கம் சாயாமல் இருக்கத்தான் இந்தப் பக்கம் காப்பீடு. ஓய்வூதியம் 70 வயதில். அதுவரை உயிரோடு இருந்தவர்கள் குறைவு.

பிரிட்டனின் 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஆண் தொழிலாளியின் கூலியில் வாரம் 4 பென்ஸ் பிடித்தம், முதலாளி பங்கு 3, அரசு பங்கு 2. அட்டையில் வாராவாரம் முத்திரைத்தலை ஒட்டவேண்டும். தொழிலாளி நோயில் படுத்தால் மருத்துவம் உண்டு, வாரப்படி உண்டு. அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் மருத்துவர் கிடையாது. வேலைக்குப் போகிற உடம்பு பழுதாகாமல் இருந்தால் போதும் என்பதே கணக்கு. அமெரிக்காவின் 1935 சமூகக் காப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்வோரையும் வெளியே நிறுத்தியது; கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் இருந்தது அங்கேதான். இதற்கெல்லாம் ‘மக்கள்நலம்’ என்று பெயர் வைத்தால், சட்டம் யாரை விட்டுவிட்டது என்ற கேள்வியையே சொல் விழுங்கிவிடும்.

இரண்டாவது, அது பாராட்டுச் சொல். ‘மக்கள்விரோத அரசு’ என்று உடனே எதிர்ச்சொல் வந்து நிற்கிறது பாருங்கள். கலைச்சொல்லுக்கு அப்படி ஒரு கட்சி இருக்கக்கூடாது. தவிர, ஆட்சி மாறினால் மாறுவது அரசாங்கம்; நாம் பேசுவது அரசின் அமைப்பைப் பற்றி. (‘ஸ்டேட்’டை ‘மாநிலம்’ ஆக்குகிறவர்களை இங்கே இழுக்கவில்லை. அது தனிக் கதை.)

மற்றவை? ‘சேமநல அரசு’ என்பதில் சேமமும் நலமும் ஒன்றேதான். ‘பொதுநல அரசு’ என்றால் காமன்வெல்த்தைக் குறிக்கும் ‘பொதுநலவாய’த்தோடு போய் முட்டும். இலங்கைத் தமிழர் நெடுநாளாக எழுதிவரும் ‘நலன்புரி அரசு’ என்ற சொல்தான் தேறுகிறது. நலன் என்பது நலத்தின் கடைப்போலி (கடைசி எழுத்து மாறினாலும் பொருள் மாறாத வடிவம்); ‘புரிதல்’ என்றால் செய்தல். யாருக்கு, எதற்காக என்று அடித்துச் சொல்லாமல் என்ன வேலை நடக்கிறது என்பதோடு நிற்கிறது. ‘புரி’ என்றதும் ‘புரிந்துகொள்’ நினைவுக்கு வருகிறது என்பார்கள். ‘பணிபுரி’ என்று தினமும் எழுதும்போது வராதது இங்கே மட்டும் ஏன் வருகிறது? நலன் என்பதும் கொஞ்சம் இனிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த இனிப்பு மூலத்திலேயே இருக்கிறது. 1942 அறிக்கையால் பிரிட்டிஷ் அமைப்புக்கு அடிகோலிய பொருளியலாளர் பெவரிட்ஜுக்கே ‘வெல்ஃபேர் ஸ்டேட்’ என்ற சொல் பிடிக்கவில்லை.

சொல்லோடு சொல்லாக இன்னொன்று. காப்பீட்டுத் தொகை கோருகிறவரை எல்லா மொழிபெயர்ப்பிலும் ‘பயனாளி’ ஆக்கிவிடுகிறார்கள். கிடைப்பது ‘உதவி’யாகிவிடுகிறது, கொஞ்ச நாளில் அது ‘இலவசம்’. வாரம் 4 பென்ஸ் கட்டிவிட்டுப் படுத்திருப்பவர் எந்தக் கணக்கில் பயனாளி? உரித்தாளர் (உரிமை உள்ளவர்) என்று எழுதுங்கள், அல்லது வெறுமனே ‘கோருபவர்’ என்றாவது எழுதுங்கள்.